டப்பா ஒன்றுதான், சரக்கு வேறு

சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, எங்க உறுமி மேளத்த சிடில போட்டுக் கொடுக்கிறேன், கார்ல திக்குது. எந்த சிடி வாங்கட்டும்?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குள்ள எரிச்சல் ஒரு வரியில் அடங்காது.

கோயில் பஜனைக் கேசட்டுகளை சிடிக்கு மாற்றுவது எனக்குப் பல வருடப் பழக்கம். 60 நிமிடக் கேசட் 80 நிமிட சிடியில் தாராளமாக அடங்கும். 90 நிமிடக் கேசட்தான் மிச்சமுள்ள 10 நிமிடத்துக்கு இன்னொரு சிடி கேட்டு உயிரை வாங்கும். நான் வழக்கமாக வாங்குவது பினாங்கு கொம்தார் கட்டடத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும் 50 காலி சிடி டப்பா. பிராண்டு பெயர் வேண்டாம், விடுங்கள்.

சிடியைச் செய்வது ஒரு தொழிற்சாலை, அதில் பெயர் அச்சடித்து விற்பது வேறொரு கம்பெனி. அதே டப்பா, அதே அட்டை, ஆனால் போன தடவை ஒருவர் செய்த சரக்கு, இந்தத் தடவை இன்னொருவருடையது. காலி சிடியை கம்ப்யூட்டரில் போட்டு சிடி பதியும் இம்க்பர்ன் (ImgBurn) மென்பொருளைத் திறந்தால், செய்தது யார் என்பதற்கான ஓர் எண் காட்டும். 97:24:01 என்று வந்தால் ஜப்பானின் தையோ யூடென் செய்தது. அது கிடைத்த காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினோம். 2015-இல் அவர்கள் அந்தத் தொழிலை விட்டு விலகிவிட்டார்கள். இந்த எண்ணைப் பார்க்க டப்பாவைப் பிரிக்க வேண்டும், பிரித்ததைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். இது என்ன நியாயம்?

கடைசியாக வாங்கிய டப்பாவில் முதல் பாட்டுகள் எல்லாம் சுத்தம். கோயில் பிளேயரில் மங்களம் வந்தபோதுதான் "மங்... மங்... மங்..." என்று நின்றது. குருக்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சிடி உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பதிவாகும். ஓரத்தில், பதிவு விழும் சாயம் சீராகப் பரவாத சரக்கு என்றால் கடைசிப் பாட்டில்தான் மாட்டிக்கொள்ளும். அதனால் பதிவு செய்ததும் முதல் பாட்டைக் கேட்டுவிட்டுத் திருப்திப்படாதீர்கள், கடைசியைக் கேளுங்கள். கோப்புகள் வைக்கும் சிடியில் ஒவ்வொரு 2352 பைட்டிலும் 2048 மட்டுமே கோப்பு, மீதியில் பெரும்பகுதி பிழை திருத்த. பாட்டு சிடியில் 2352-உம் பாட்டுதான், அந்தக் கூடுதல் திருத்தத்துக்கு இடமில்லை. எம்பி3 போட்டபோது ஒழுங்காக இருந்த அதே சரக்கு பாட்டு சிடியாகும்போது பல்லை இளிப்பது இதனால்தான்.

பதியும் வேகம்: அட்டையில் 48x என்று இருந்தாலும் நான் 16-இல் வைக்கிறேன். 1, 2 என்று இறக்கினால்தான் நல்லது என்பது பழைய சிடி காலத்துப் பேச்சு. அப்புறம், ஹைஃபை செட்டோடு இணைக்கும் தனி ரெக்கார்டர் வைத்திருப்பவர்கள் 'மியூசிக்' அல்லது 'ஆடியோ' என்று போட்ட சிடியைத்தான் வாங்கியாக வேண்டும், சாதா சிடியை அந்த மெஷின் ஏற்காது. உரிமைத்தொகைக்காக வைத்த பூட்டு அது. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கூடுதல் வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பதோடு சரி.

இன்னொன்று, எல்லோரும் பளபளக்கும் பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திக் காக்கிறார்கள். பதிவு இருப்பதோ பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியில். அங்கே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேண்டாத வேலை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இதே பிராண்டின் பழைய டப்பா ஒன்றில் பதிவு செய்தவை என் மைவி காரில், பினாங்கு வெயிலில் வெந்தும், இன்றுவரை ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. நாதஸ்வரத்தின் கடைசி மூச்சு வரை கேட்கிறது. அதை நினைத்தால் கோபம் இறங்குகிறது, கோயிலை நினைத்தால் மறுபடி ஏறுகிறது.

மதிப்பெண் போட்டால் இந்தப் பிராண்டு தேறாது. இருந்தும் தம்பிக்கு அதையே வாங்கச் சொல்லிவிட்டேன். முதலில் ஒரு டப்பா மட்டும். எண்ணைப் பார்த்து, கடைசிப் பாட்டும் சரியாக ஓடினால் அன்றைக்கே திரும்பப் போய் அதே அடுக்கில் இருப்பதை அள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டும். அடுத்த மாதம் போனால் சரக்கு மாறியிருக்கும்.