அரியமான் காலை நீச்சல் வகுப்பு: 6 வாரம் போய்வந்த அனுபவம்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன அந்த வாரம்தான், ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையில் பெரியவர்களுக்காக நடக்கும் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். வாரத்துக்கு 3 நாள், காலை 6 மணியிலிருந்து 7 வரை, 6 வாரத்துக்கு 3,000 ரூபாய். நீச்சல் தெரியாமல் சேரவில்லை. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கண்மாயில் பழகியதுதான், ஆனால் 25 மீட்டர் போவதற்குள் நெஞ்சை அடைத்துக்கொண்டு வரும், நின்றுவிடுவேன். 38 வயதில் இனிமேல் தம் எங்கே கூடப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை முதல் நாளே மாற்றினார் பயிற்சி கொடுக்கும் அண்ணன். மார்பளவுத் தண்ணீரில், கரைக்கு இணையாக, கழி நட்டு 25 மீட்டருக்குக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை அதை ஒட்டி நீந்தச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எங்க அப்பா சங்கு குளிக்கப் போனவரும்மா, அவருக்குத் தம் பிடிக்கணும். உங்களுக்குத் தம் விடத் தெரியணும்" என்றார். அப்புறம் கால் மணி நேரம் நீச்சலே கிடையாது. நின்ற இடத்திலேயே முகத்தைத் தண்ணீரில் முக்கி, "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே மூக்கு வழியாகக் காற்றை விட வேண்டும். என் முகத்துக்கு நேரே தண்ணீருக்குள் அவர் உள்ளங்கையை விரித்து வைத்திருப்பார்; குமிழி அதில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் தண்ணீரை ஒரு தட்டு தட்டுவார். முதல் பத்து நிமிடம் அவர் தட்டிக்கொண்டேதான் இருந்தார்.

நான் இத்தனை வருடமும் தண்ணீருக்குள் தம் கட்டிக்கொண்டு, தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் காற்றை விடவும் இழுக்கவும் பார்த்திருக்கிறேன். விடாத காற்றோடு உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேரச் சேரத்தான் அந்த மூச்சுமுட்டல் வருகிறது. நுரையீரலுக்கு வலு இல்லாமல் இல்லை. இது தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது.

அடுத்தது கால். நான் வேகமாக உதைத்துக்கொண்டே போவேன். தொடைத் தசை பெரியது, உதைக்க உதைக்க ஆக்சிஜனை அதுவே தின்றுவிடும். "காலை இன்ஜின் மாதிரி ஓட்டாதீங்க, மெதுவா பின்னாடி வரட்டும்" என்று தினமும் சொல்வார். முதல் வாரம் 25 மீட்டராக 8 தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு சீராகும் வரை நிற்கலாம். பிறகு 50 மீட்டர். தூரத்தை உடனே கூட்டாமல், நடுவில் நிற்கும் நேரத்தை ஒரு நிமிடத்திலிருந்து அரை நிமிடமாக, அப்புறம் 15 விநாடியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 6ஆவது வாரம் கயிற்றோரம் 16 நடை, 400 மீட்டர், நிற்காமல் நீந்தினேன். கரையேறி என் வீட்டுக்காரரிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

எங்களோடு வந்த கல்லூரித் தம்பி ஒருவனுக்குப் பாக் நீரிணையைக் கடக்க வேண்டும் என்று ஆசை. 1966இல் மிகிர் சென், 1994இல் சின்னப் பையனாக இருந்த குற்றாலீசுவரன் என்று எல்லாக் கதையும் தெரியும் அவனுக்கு. அவனையும் குமிழி விடத்தான் வைத்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

பாதுகாப்பில் கவனம் உண்டு. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமுள்ள இந்த வடகடல் குளம் போலக் கிடக்கும், ஆனால் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுவதால் ஆளை மெல்ல உள்ளே தள்ளிவிடும். அதனால் கயிற்றைத் தாண்ட யாரையும் விடுவதில்லை. சொறிமீன் (ஜெல்லிமீன்) கண்ட 2 நாள் வகுப்பையே நிறுத்திவிட்டு, வேறு நாளில் ஈடு கொடுத்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பெண்கள் உடை மாற்ற ஒரு மறைப்புகூடக் கிடையாது, ஈரத்தோடு வண்டியில் 20 நிமிடம் வர வேண்டியிருந்தது; காசு வாங்கிக்கொண்டு நடத்துபவர்கள் நாலு தட்டியாவது கட்டியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை 14 பேருக்கு 2 பேர்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அன்று எனக்குக் கிடைத்தது வெறும் 5 நிமிடம். அவர்களே 350 ரூபாய்க்கு விற்ற நீச்சல் கண்ணாடி இரண்டாம் நாளே கசிந்தது, உப்புத் தண்ணீர் பட்டு மதியம் வரை கண் சிவந்தே இருந்தது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கடலில் உப்பு நம்மைத் தூக்கிக் கொடுக்கும். போன வாரம் மதுரையில் ஒரு நீச்சல்குளத்தில் இறங்கியபோது கால் தாழ்ந்தது, 250 மீட்டரிலேயே நின்றுவிட்டேன்.

ஆனாலும் அடுத்த 6 வாரத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கினால் இந்தப் பக்கம் கடல் கலங்கிவிடும், வகுப்பும் தை வரை இருக்காதாம். சேர நினைப்பவர்கள் ஆவணிக்குள் சேருங்கள், ஞாயிறு வேண்டாம், கண்ணாடியை வெளியே வாங்கிக்கொண்டு போங்கள்.