மூலம் சுட்ட மூன்று வழிகள்: நேட்டால் குடும்ப வரலாறுகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று, இன்றைய தென்னாப்பிரிக்காவில் அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் எழுதும் குடும்ப வரலாறுகளில், ஒரு செய்தி எங்கிருந்து கிடைத்தது என்பதைத் தெரிவிக்க மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன: நூலின் இறுதியில் ஒரு பட்டியல், தகவலின் அருகிலேயே ஓர் இணைய இணைப்பு, தகவலுக்குத் தகவல் முழு அடிக்குறிப்பு. முன்பின் தெரியாத ஒருவர் பல ஆண்டுகள் கழித்து அதே பதிவைத் தேடியெடுத்துச் சரிபார்க்க முடியுமா, அதன் பின்னே யாருடைய உழைப்பு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவருமா என்ற இரண்டு கேள்விகளை வைத்தே இம்மூன்றையும் எடைபோட வேண்டும்.

இறுதிப் பட்டியல் எழுத எளிது, வாசிப்பையும் தடுக்காது. உதவியவர்கள் அனைவரையும் ஓரிடத்தில் நன்றியுடன் குறிப்பிடவும் இடம் தருகிறது. ஆனால் கொள்ளுப்பாட்டனாரின் ஊர் ஆற்காட்டுப் பக்கம் என்ற செய்தி கப்பல் பதிவேட்டில் இருந்ததா, பாட்டி சொன்னதா, வேறொரு உறவினரின் வம்சாவளியிலிருந்து எடுத்ததா என்பதை அந்தப் பட்டியலைக் கொண்டு யாராலும் கண்டறிய முடியாது. சான்று என்ற அளவில் இது மிகவும் பலவீனமானது.

இணைய இணைப்பு இதைவிட மேல். சொடுக்கினால் பதிவு கண்முன் வந்துவிடும். தளங்கள் முகவரியை மாற்றுவதும் மூடப்படுவதும் இதன் வெளிப்படையான குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. திரையில் தெரிவது பெரும்பாலும் மூலப் பதிவேடு அன்று. எழுத்தர் ஒருவர் கையால் எழுதியதைப் பிற்காலத்தில் மற்றொருவர் படித்துத் தட்டச்சு செய்த படியே அது. இந்த இரு அடுக்குகளையும் வெறும் இணைப்பு ஒன்றாகவே காட்டிவிடுகிறது. பெயரில் பிழை இருந்தால் அது பழைய எழுத்தருடையதா, படியெடுத்தவருடையதா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது.

அடிக்குறிப்பின் வலிமை இங்கேதான் விளங்குகிறது. நேட்டால் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், அதாவது வந்திறங்கியவருக்கு நேட்டால் அரசு கொடுத்த தனி எண், உண்டு. அதனுடன் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடலிலுள்ள அங்க அடையாளம் ஆகியவை பதிவாகியிருக்கும். முனியம்மாக்களும் முனுசாமிகளும் நிறைந்த பட்டியலில் ஒருவரை ஐயமின்றிச் சுட்டுவது அந்த எண்ணே. ஆகவே நல்ல அடிக்குறிப்பு இப்படி அமையும்: "தந்தை பெயரும் ஊரும்: கப்பல் பட்டியல், காலனி எண் இன்னது, கப்பல் இன்னது, வந்திறங்கிய தேதி இன்னது, இன்ன தரவுத்தளத்தின் படியில் இன்ன தேதியில் பார்த்தது, மூலப் பதிவேட்டைப் பார்க்கவில்லை." கடைசி வாக்கியத்தை எழுதப் பலர் தயங்குகிறார்கள். எனக்கோ முழுக் குறிப்பிலும் மிக மதிப்புடையது அதுதான்; அடுத்து வருபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடுகிறது.

பிறர் உழைப்பை ஒப்புக்கொள்வதிலும் அடிக்குறிப்பே முந்துகிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பிறந்த தேதி போன்ற வெறும் தகவலுக்கு எவரும் உரிமை கோர முடியாது; புகைப்படத்துக்கும் எழுதப்பட்ட கட்டுரைக்கும் உரிமை உண்டு. சட்டம் கேட்காத இடத்திலும் நன்றிக்கடன் இருக்கவே செய்கிறது. 1860 முதல் 1902 வரையிலான கப்பல் பட்டியல்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் சுரேந்திர பானா போன்றோரின் உழைப்பு இல்லாவிட்டால், இன்று பல குடும்பங்களின் தேடலுக்குத் தொடக்கமே கிடைத்திருக்காது.

இத்துறையில் நான் மிகவும் வருந்துவது, மற்றொருவர் தேடியெடுத்த மூலத்தைத் தானே பார்த்ததுபோல் அவருடைய அடிக்குறிப்பை அப்படியே பெயர்த்து எழுதிக்கொள்ளும் வழக்கத்தைக் குறித்துத்தான். அது உழைத்தவரை மறைக்கிறது. அவர் செய்த பிழையையும் புதிய சான்றுபோல் நடமாட விடுகிறது. ஒருவரின் வம்சாவளியிலிருந்து எடுத்தால் அந்த வம்சாவளியையே மூலமாகக் குறிக்க வேண்டும். அவர் சுட்டிய பதிவேட்டை நேரில் பார்த்த பிறகே பதிவேட்டைக் குறிக்கலாம். பெரியம்மா சொன்னது என்றால் அவர் சொன்னதாகவே, கேட்ட ஆண்டுடன் எழுத வேண்டும். அச்சில் அவர் பெயரைச் சேர்க்கும் முன் சம்மதமும் பெற வேண்டும்.

அடிக்குறிப்புக்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. திருமணத்திலோ குடும்பக் கூடுகையிலோ உறவினருக்குக் கொடுக்கும் சிறு நூலுக்கு இறுதிப் பட்டியல் போதும். ஆனால் அதன் அடிப்படையாக உள்ள கணினிக் கோப்பில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் எதிரே முழுக் குறிப்பு இருக்க வேண்டும். வம்சாவளி மென்பொருள்கள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் ஜெட்காம் வடிவத்தில் மூலக் குறிப்புக்கென்றே தனிப் புலம் இருப்பதால், கோப்பைப் பெறும் உறவினருக்கும் அந்தக் குறிப்புகள் போய்ச் சேரும்.