கசிவுக்கு லேசர் என்று கூப்பிட்டால் பணம் கட்டிவிடாதீர்கள்

இருமினால், தும்மினால், கனமாக எதையாவது தூக்கினால் எனக்குச் சிறுநீர் கசியும். இரண்டாவது பிரசவத்திலிருந்தே இப்படித்தான். ஆறு வருஷம் கணவரிடம்கூடச் சொல்லாமல் நாப்கின் வைத்துச் சமாளித்தேன். அந்தக் கூச்சத்தைத்தான் ஒரு லேசர் கிளினிக்காரர்கள் காசாக்கினார்கள்.

பெண்ணுறுப்பில் லேசர் வைத்துக் கசிவை நிறுத்துவதாக, "மூன்றே அமர்வு, வலியில்லை, கத்தியில்லை" என்ற விளம்பரம். போனில் பேசியவர் அவ்வளவு கனிவாகப் பேசினார். நேரில் போனால் மருத்துவர் ஐந்து நிமிடம்கூட உட்காரவில்லை. எப்போது கசிகிறது, இருமும்போது மட்டுமா, அவசரமாக முட்டிக்கொண்டு வந்து அடக்க முடியாமலா? இந்த ஒரு கேள்வியைக்கூட யாரும் கேட்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையும் கிடையாது. மூன்று அமர்வுக்கும் முழுப் பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு அமர்வுக்கும் பிறகு பல நாள் எரிச்சல். கசிவு துளியும் குறையவில்லை. கேட்டதற்கு, "சிலருக்கு ஆறு அமர்வு தேவைப்படும் மேடம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து பில்லை எடுத்துப் பார்த்தேன். அதில் 'புத்துணர்ச்சி சிகிச்சை' என்று மட்டும்தான் இருந்தது. சிறுநீர் என்ற சொல்லே இல்லை. எதைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்பது?

பிறகுதான் தேடிப் படித்தேன். இந்த மாதிரி லேசர் கருவிகள் சிறுநீர்க் கசிவுக்குப் பயன்படும் என்றோ பாதுகாப்பானவை என்றோ நிரூபிக்கப்படவில்லை, தீக்காயமும் தழும்பும் வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-லேயே எச்சரித்திருக்கிறது.

கடைசியில் முறையான மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் கொடுத்தது ஒரு தாள். மூன்று நாளைக்கு எவ்வளவு குடித்தேன், எத்தனை தடவை போனேன், அளவுக் குவளையில் எத்தனை மில்லி, எப்போது கசிந்தது என்று எழுதச் சொன்னார். சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இல்லை. போய்விட்டு வந்ததும் சிறுநீர்ப்பையில் மிச்சம் நிற்கிறதா என்று ஸ்கேனிலும் பார்த்தார். மிச்சம் நின்று வழிகிற கசிவுக்கு, அவசர உணர்வை அடக்கும் மாத்திரையைக் கொடுத்தால் சிறுநீர் வெளியேறாமலே நின்றுவிடலாமாம். வகை தெரியாமல் வைத்தியம் செய்வது அவ்வளவு ஆபத்து.

எனக்கு இருமல் வகைதான். மாத்திரைகூட வேண்டியிருக்கவில்லை. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சிக்குப் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகுங்கள் என்று லேசர் இடத்தில் சொன்னதைத்தான் நான் அதுவரை செய்துகொண்டிருந்தேன். பிசியோ பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "நீங்க கீழே முக்குறீங்கம்மா, காற்று பிரியாம அடக்குற மாதிரி மேலே இழுக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு யாரும் என்னிடம் மூன்று அமர்வு கேட்கவில்லை. ஒரு வேளைக்கு எட்டு இழுப்பு, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இப்போது நான்காவது மாதம்; இருமினால் நனைவதில்லை. ஓடினால் மட்டும் இன்னும் சில துளி.

கசியும் என்று பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள், சிறுநீர் அடர்ந்து பையை இன்னும் உறுத்தும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் உடனே காட்டுங்கள். கசிவோடு கால் மரத்துப்போனால், தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தால், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி யார் கூப்பிட்டாலும், "எனக்கு எந்த வகைக் கசிவு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டுப் பதில் வந்த பிறகு மட்டும் பணப்பையைத் திறங்கள்.