மூன்று விஎம், ஒரே கோப்பகம்: குளஸ்டர்எஃப்எஸ்ஸா, செஃப்பா?

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். பெங்களூரா ரக மாம்பழ வரத்து தொடங்கிவிட்டால் இரவு பகல் ஓட்டம்தான். லாட்டுக்கு லாட் பரிசோதனை அறிக்கை, டிரம் லேபிள் படம், ஏற்றுமதிக் காகித ஸ்கேன் என்று கோப்புகள் குவியும். ஒன்று காணாமல் போனாலும் கன்டெய்னர் நின்றுவிடும். ஒரு சர்வர் படுத்தாலும் கோப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக, ஒரே கோப்பைப் பல சர்வர்களில் பிரதியெடுத்து வைக்கும் குளஸ்டர்எஃப்எஸ், செஃப் என்ற இரண்டு மென்பொருள்களையும் மெய்நிகர் சர்வர்களில் (விஎம்) ஓட்டிப் பார்த்தேன்.

எதை எடுத்தாலும் மூன்று விஎம்மும் வெவ்வேறு நிஜ சர்வர்களில் இருக்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் மூன்றையும் வைத்தால், அதன் பவர் சப்ளை போகும்போது மூன்று பிரதியும் சேர்ந்தே போகும். வாடகை சர்வர் என்றால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

குளஸ்டர்எஃப்எஸ் எளிது. மெட்டாடேட்டாவுக்கு, அதாவது கோப்பைப் பற்றிய விவரங்களுக்கு, தனி சர்வர் கிடையாது; கோப்பின் பெயரை ஹாஷ் செய்தே (பெயரை வைத்து ஓர் எண்ணைக் கணக்கிட்டே) இடத்தைக் கண்டுபிடிக்கிறது. நாலைந்து கட்டளைகளில் வால்யூம், அதாவது பகிர்ந்த சேமிப்பிடம், தயார். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: சாதாரண ரெப்ளிகா (பிரதி வைக்கும்) வால்யூமில் கோப்புகள் டிஸ்க்கில் அப்படியே முழுசாக இருக்கும். எல்லாம் நின்றுபோனாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் படித்துவிடலாம்.

ஆனால் இரண்டே பிரதியோடு ஓட்டாதீர்கள். நான் ஓட்டினேன். ஒரு மழை நாளில் கரண்ட் போய் நடுவில் இருந்த ஸ்விட்ச் நின்றது. சர்வர்கள் இரண்டும் யுபிஎஸ்ஸில் உயிரோடு இருந்தன. இரண்டு பக்கமும் ஒரே எக்செல் கோப்பில் எழுதினார்கள். இணைப்பு திரும்பியபோது எது சரியான பிரதி என்று முடிவு செய்ய முடியாமல் கோப்பு திறக்கவே மறுத்தது. ஸ்ப்ளிட்-பிரெய்ன் என்பது இதுதான். எந்தப் பிரதியை வைத்துக்கொள்வது என்று கோப்பு கோப்பாகப் பார்க்கவே பாதி ராத்திரி ஆனது. மூன்றாவதாக ஒரு ஆர்பிட்டர் இருந்திருந்தால் நடந்திருக்காது. அது பெயரையும் மெட்டாடேட்டாவையும் மட்டும் வைத்திருக்கும், பெரும்பான்மை இல்லாத பக்கம் எழுத விடாது. 1 டிபி கோப்புக்கு 2 டிபியும் கொஞ்சமும் போதும். சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ள ஃபோல்டரைத் திறக்கத்தான் பொறுமை வேண்டும்.

சரி, செஃப். இதில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கவனிக்கும் மானிட்டர் மூன்று, மேனேஜர், டிஸ்க்குக்கு ஒரு ஓஎஸ்டி (அந்த டிஸ்க்கில் தரவை எழுதிப் படிக்கும் நிரல்), கோப்பகமாக மவுன்ட் செய்ய எம்டிஎஸ் (மெட்டாடேட்டா சர்வர்) என்று உறுப்புகள் பல. ஒரு ஓஎஸ்டிக்கே இயல்பான நினைவக (ரேம்) இலக்கு 4 ஜிபி. ஆகவே 4 ஜிபி விஎம்மில் முயலவே வேண்டாம். மூன்று பிரதி என்பதால் 1 டிபிக்கு 3 டிபி வேண்டும். 85 சதவீதம் நிரம்பியதுமே எச்சரிக்கத் தொடங்கும், அந்த இடைவெளியையும் கணக்கில் சேருங்கள். கோப்புகள் 4 எம்பி துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதால் டிஸ்க்கைக் கழற்றிப் படிக்கும் வழியும் இல்லை.

அதன் கண்டிப்புதான் என்னைக் கவர்ந்தது. வழக்கமான அமைப்பில் மூன்று பிரதி, குறைந்தது இரண்டாவது உயிரோடு இருக்க வேண்டும். ஒரு சர்வர் போனால் வேலை நடக்கும். இரண்டு போனால் எழுதுவதையும் படிப்பதையும் நிறுத்திவிடும். இரண்டு விதமான உண்மைக்கு இடமே தராது. ஆனால் மூன்றே சர்வர் இருந்தால், ஒன்று போனபின் மூன்றாம் பிரதியை வைக்க இடம் இருக்காது. அது தானாகச் சரியாக நான்காவது சர்வர் தேவை.

ஓசூர் அலுவலகத்தில் ஒரு பிரதி வைக்கலாமா என்று முதலாளி கேட்டார். இரண்டு மென்பொருளிலும் எல்லாப் பிரதியும் எழுதப்படும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இணைப்பின் வேகத்துக்கு ஆலையே மெதுவாகிவிடும். ஓசூருக்குத் தாமதமாக நகலெடுக்கும் ஜியோ-ரெப்ளிகேஷன் குளஸ்டரில் உண்டு, ஸ்னாப்ஷாட் மிரரிங் செஃப்பில் உண்டு. அதைத்தான் போட வேண்டும்.

குளஸ்டர்எஃப்எஸ்ஸை வளர்த்துவந்த ரெட் ஹாட் நிறுவனம் அதை வைத்து விற்ற குளஸ்டர் ஸ்டோரேஜுக்கான ஆதரவை 2024 இறுதியோடு முடித்துக்கொண்டது. ஏற்கெனவே ஆர்பிட்டரோடு ஒழுங்காக ஓடுகிறவர்கள் பதறிப் பிடுங்க வேண்டியதில்லை. புதிதாகப் போடுகிறவர்களுக்கு, விஎம்முக்கு 8 ஜிபி நினைவகமாவது கொடுக்க முடிந்தால், செஃப்பைத்தான் சொல்வேன். நாங்களும் அதற்கு மாறிவிட்டோம். சித்திரைக்குள் நான்காவது மெஷின் வேண்டும் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.