டாட்சன் 620 பிக்கப்: பிறையில் செய்த பின்பக்க ஸ்பிரிங் வேலை

அப்பாவின் டாட்சன் 620 பிக்கப்பில்தான் இன்றும் வாழை இலை ஏற்றிப் பினாங்குத் தீவுக்குப் போகிறேன். கொஞ்ச காலமாகப் பினாங்குப் பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போதெல்லாம் பின்பக்கம் டொக் டொக்கென்று அடித்தது. வேறொரு வொர்க்‌ஷாப்பில் ஷேக்கள் புஷ் மாற்றினார்கள். ஷேக்கள் என்பது பின் ஸ்பிரிங் பட்டையின் நுனியை வண்டியோடு இணைக்கும் ஆடும் துண்டு, புஷ் அதன் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை. மழைக்காலம் முடிவதற்குள் சத்தம் திரும்ப வந்துவிட்டது. பிறை தொழிற்பேட்டையில் இருக்கும் இந்தப் பட்டறையைச் சொன்னவர் ஒரு லோரி டிரைவர்.

ஃபோர்மன் அண்ணன் கடப்பாரையை வைத்து நெம்பிக் காட்டினார். புஷ் நன்றாகத்தான் இருந்தது. ஷேக்களைத் தாங்கும் பிராக்கெட்தான் அசைந்தது. சுத்தியலால் தட்டியதும் வண்டியின் அடிச்சட்டமான சேசியிலிருந்து துரு செதில் செதிலாகக் கொட்டியது. சுமை ஏறினால் வளைந்த ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்து நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷேக்கள் ஆடுகிறது. அதைப் பிடித்திருக்கும் இடமே கடல் காற்றில் இற்றுப்போயிருந்தால் எத்தனை புஷ் போட்டு என்ன?

“தம்பி, புஷ் மட்டும்னா இன்னைக்கே எடுத்துட்டுப் போகலாம். ஆனா திரும்பவும் இங்கதான் வருவீங்க” என்றார். சரி, முழுசாகச் செய்யுங்கள் என்று விட்டுவிட்டு வந்தேன்.

1979-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. பிராக்கெட்டுக்காக அலையாமல் தானே தகடு வெட்டிச் செய்தார். பேட்டரி வயரையும் பெட்ரோல் டாங்கியையும் கழற்றிய பிறகே வெல்டிங். நல்ல இரும்பு தெரியும்வரை துருவை வெட்டி எடுத்திருந்தார். தகட்டின் முனைகள் சாய்வாக இருந்தன. சேசிக்குக் குறுக்கே நேராக வெல்டிங் போட்டால் அந்த ஓரத்திலேயே விரிசல் விழுமாம். ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளும் புதுசு.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசி வேலை. புஷ் போல்ட்டுகளைக் கையளவுக்கு மட்டும் முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுதும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்கினார். ஜாக்கில் தொங்கும்போதே இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். முந்தைய இடத்தில் அப்படித்தான் செய்தார்கள், நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

சாமானோடு சேர்த்து 1,150 ரிங்கிட். நியாயமான விலை. குறை என்றால், வேலை முடிந்ததும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். சேசியின் உள்பக்கத்துக்குத் துருத் தடுப்பு எண்ணெய் அடிப்பதையும் நீங்களே கேட்டு வாங்குங்கள், வெளியே கறுப்புப் பெயின்ட் மட்டும்தான் பூசுகிறார்கள். போனில் விலை கேட்டுப் பயனில்லை. சேசியைத் தட்டிப் பார்க்காமல் அண்ணன் விலை சொல்வதில்லை.