சுங்கை சிப்புட்டில் மாணவர் ஊழியர்களுக்கான ஆதரவு திரட்டும் பயிலரங்கு: போகலாமா?

மாணவர்களிடையே கிறிஸ்தவ ஊழியம் செய்கிறவர்கள், தங்கள் சம்பளத்துக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் ஆதரவாளர்களைத் தேடக் கற்றுத்தரும் பயிலரங்கு இது. இரண்டு நாள், 80 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), மதியச் சாப்பாடு உட்பட. சாப்பாடு சுமார்தான், பயிற்சி கொடுத்த காசுக்குத் தகும்.

உருப்படியான பகுதி, வீட்டுச் சந்திப்பு ஒத்திகை. ஊழியத்தை விளக்கிய பின், "மாசம் 50 வெள்ளி தாங்க முடியுமாண்ணே?" என்று தொகையைச் சொல்லிக் கேட்டு, வாயை மூடிக்கொள்ள வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். அந்த மௌனம் பொறுக்காமல் "முடிஞ்சதக் கொடுங்க" என்று தாங்களே இறங்கிவிடுகிறார்கள். முடிஞ்சது, ஒரே ஒரு தடவை பத்து வெள்ளியாக வந்து நின்றுபோகும்.

வரவுசெலவுப் படிவம்தான் ஓட்டை. ஊழியரின் சேமநிதிக்கு (EPF, ஓய்வுகாலச் சேமிப்பு) அதில் கட்டமே இல்லை. 2,500 வெள்ளி சம்பளத்துக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதாவது 325 வெள்ளி. அதுவும் ஆதரவாளர் பணத்திலிருந்துதான் போகும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) தனி.

தோட்டத்தில் வேலை செய்யும் ஆதரவாளர்களின் சம்பள நாளையும் யோசிக்கவில்லை. போன மாதச் சம்பளம் கைக்கு வர 7ஆம் தேதிகூட ஆகலாம். வங்கியில் மாதாந்திரத் தானியங்கிக் கட்டளையை 1ஆம் தேதிக்குப் போட்டால் கணக்கு காலியாக இருக்கும், பணம் ஏறாது. 10ஆம் தேதி போடச் சொல்லுங்கள்.

ஆதரவாளர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்துக்கு அரைமணி நேரம், வாட்சாப் மாதிரியோடு. அது போதும்.