பீசாவுக்கு இரண்டு மணி நேரம் போதாது

இத்தாலியின் சாய்ந்த கோபுரத்தை நம்மூரில் 'பைசா கோபுரம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ரயிலில் அறிவிப்பது 'பீசா' என்று. அதைக் காதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழுச் சுற்றுலாக்களில் இந்த ஊருக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. கோபுரத்தைக் கையால் தாங்குவது போல ஒரு படம், உடனே திரும்பப் பேருந்து. நெல்லையப்பர் கோபுரத்தை வாசலில் நின்று படமெடுத்துவிட்டு அல்வா பொட்டலத்தோடு ரயிலேறுகிறவர் திருநெல்வேலியைப் பார்த்ததாகச் சொன்னால் ஒத்துக்கொள்வோமா? பீசாவுக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். அதில் கோபுரத்துக்கு அரை மணி நேரம் கொடுத்தால் தாராளம்.

ஃபிளாரன்ஸிலிருந்து சாதாரண ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். காகிதச் சீட்டு என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். சீட்டு வாங்கியிருந்தும் முத்திரை இல்லாததால் அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு. பீசா சென்ட்ராலே நிலையத்தில் பெட்டியைப் பணம் கட்டி வைத்துவிட்டு, லூக்கா போகும் ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம் தள்ளி 'பீசா சான் ரொஸ்ஸோரே'யில் இறங்குங்கள். அங்கிருந்து கோபுரம் பத்து நிமிட நடைக்குள். பார்த்துக்கொண்டே தெற்கே நடந்தால் மாலையில் சென்ட்ராலே நிலையத்துக்கே வந்து சேரலாம். நேராக நடந்தால் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. நம் ஜங்ஷனிலிருந்து நெல்லையப்பர் கோயில் வாசலுக்கு நடப்பதைவிடக் குறைவு.

கோபுரத்தில் ஏறுவது அவசியம் என்று நாங்கள் நினைக்கவில்லை. கோபுரம் நிற்கும் சதுக்கத்திலேயே விலை கூடிய சீட்டு அதுதான். நேரம் குறித்துத் தருவார்கள், தாமதித்தால் வீண். பைகளை வெளியே வைத்துவிட வேண்டும், 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விடமாட்டார்கள், மின்தூக்கி கிடையாது. 250-க்கு மேற்பட்ட பளிங்குப் படிகள் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். 1173-இல் கட்டத் தொடங்கிய கோபுரம், தெற்குப் பக்க மண் இளக்கமாக இருந்ததால் சில நிலைகள் எழும்பும்போதே சாய்ந்துவிட்டது. நடுவே போர்களால் ஏறக்குறைய நூறு ஆண்டு வேலை நின்றதில் அடிமண் இறுகியது. அதனால்தான் விழாமல் தப்பியது. இந்தக் கதையைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

அந்தப் பணத்தை ஞானஸ்நான மண்டபத்துக்கும் காம்போசாந்தோ கல்லறை மண்டபத்துக்கும் செலவிடுங்கள். வட்ட வடிவ ஞானஸ்நான மண்டபத்தில் அவ்வப்போது ஊழியர் ஒருவர் நடுவில் நின்று இரண்டு மூன்று சுரங்களைப் பாடுவார். ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து சேர, ஒற்றைக் குரல் ஒரு பாடகர் குழுவாகிவிடும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணில் காதை வைத்துக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். அங்கேயே சிற்பி நிக்கோலா பிசானோ 1260-இல் முடித்த பளிங்குப் பிரசங்க மேடை இருக்கிறது. கிருஷ்ணாபுரம் சிற்பங்களுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்பீர்களோ அவ்வளவு நேரம் இதற்கும் கொடுங்கள். பக்கத்துப் பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, ஆனால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்.

காம்போசாந்தோவில் கூட்டம் குறைவு. 1944 ஜூலையில் குண்டு விழுந்து கூரை தீப்பிடித்து, உருகிய ஈயம் சுவரோவியங்கள் மேல் வழிந்தது. பல பத்தாண்டுகள் உழைத்துச் சீராக்கியிருக்கிறார்கள். 'மரணத்தின் வெற்றி' என்ற பெரிய ஓவியத்தை அவசரப்படாமல் பாருங்கள். இங்கேதான் கணித அறிஞர் ஃபிபொனாச்சியின் சிலையும் இருக்கிறது. அவர் இந்த ஊர்க்காரர். 1202-இல் எழுதிய கணக்கு நூலில் 'இந்தியரின் ஒன்பது எண்கள்' என்று சொல்லியே நம் எண்முறையை ஐரோப்பிய வணிகர்களுக்கு விளக்கினார். நம் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் கோபுரத்தைவிட இந்தச் சிலைக்கு முன் நிறுத்திப் படமெடுப்பது நல்லது.

சதுக்கத்துப் புல்வெளியில் நிழலே இல்லை. வெயில் காலத்தில் களைத்துப்போனால் சில நிமிட நடையில் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டம். 1544-இல் தொடங்கி, 1591 முதல் இதே இடத்தில் இருக்கிறது. சதுக்கத்தை ஒட்டிய உணவகங்களைத் தவிர்க்கலாம், விலைக்கேற்ற சுவை இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் 'செச்சீனா' என்று கேளுங்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான், முட்டை கிடையாது. அகலமான தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, மிளகுத்தூள் தூவித் துண்டு போட்டுத் தருவார்கள். ஆறினால் வறண்டுவிடும், எனவே அடுப்பிலிருந்து எடுக்கிற நேரம் பார்த்து வாங்குங்கள். மதியத்துக்குப் பிறகு பல கடைகள் மாலை வரை மூடிக்கிடக்கும்.

அடுத்து காவலியேரி சதுக்கம். 1343-இல் தொடங்கிய பல்கலைக்கழகமும், கலிலியோ பிறந்த பெருமையும் உள்ள ஊர் இது. பாளையங்கோட்டையைப் போலத் தெருவெங்கும் மாணவர்கள். சதுக்கத்தில் முகப்பு முழுக்கச் சித்திரம் தீட்டிய மாளிகை 1810-இல் தொடங்கிய உயர்கல்வி நிறுவனம். வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

அங்கிருந்து தூண் வளைவுகள் நிறைந்த போர்கோ ஸ்த்ரெத்தோ கடைத்தெரு வழியே ஆர்னோ ஆற்றுக்கு வந்துவிடலாம். இந்த ஊரின் உயிர் இங்கேதான். கொற்கைக்கு நேர்ந்ததேதான் பீசாவுக்கும் நேர்ந்தது. ஒரு காலத்தில் பெரிய கடல் வல்லரசு. 1284-இல் ஜெனோவாவிடம் கடற்போரில் தோற்றது, பிறகு ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனது. வடகரையோடு மேற்கே நடந்தால் பழைய கப்பல் கட்டும் கொட்டகையில் பழங்காலக் கப்பல்கள் அருங்காட்சியகம் இருக்கிறது. 1998-இல் சான் ரொஸ்ஸோரே நிலையத்துக்குப் பக்கத்தில் ரயில்வே வேலைக்குத் தோண்டியபோது கிடைத்த ரோமானியர் காலக் கப்பல்கள் இவை. காற்றுப் புகாத சேற்றில் புதைந்து கிடந்ததால் மரம் மக்கவில்லை. ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால் இதற்குப் போங்கள். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, முன்கூட்டியே பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போகிற வழியில் சான் நிக்கோலா ஆலயத்தின் எண்கோண மணிக்கூண்டும் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். மண் அங்கும் அதே மண்தான்.

சோல்பெரினோ பாலத்தைத் தாண்டினால் தென்கரை விளிம்பில் சாந்தா மரியா தெல்லா ஸ்பீனா, கல்லில் பின்னிய சரிகை போல ஒரு குட்டித் தேவாலயம். வெள்ளமும் ஈரமும் அரித்ததால் 1871-இல் கல் கல்லாகப் பிரித்து, சுமார் ஒரு மீட்டர் உயர்த்தி மறுபடி கட்டினார்கள். குறுக்குத்துறையில் வெள்ளம் வந்தால் முருகனை மேலக்கோயிலுக்கு எடுத்துப்போகிறோம். இவர்கள் கோயிலையே தூக்கிவிட்டார்கள். உள்ளே அதிகம் இல்லை, வெளிவேலைப்பாடுதான் எல்லாம். மாலை வெயில் படும்போது எதிர்க்கரையில் நின்று பார்ப்பது சிறப்பு.

ஜூன் 16 இரவில் போக முடிந்தால் ஆற்றங்கரை வீடுகளின் முகப்பெல்லாம் பல்லாயிரம் மெழுகு விளக்கு ஏற்றியிருப்பார்கள், பார்க்கக் கார்த்திகை போலவே இருக்கும். அன்றைக்கு அறைகள் கிடைப்பது கடினம், மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும்.

கடைசியாக, நிலையத்துக்குப் போகும் வழியில் சாந்த் அந்தோனியோ ஆலயத்தின் பின்புறச் சுவரைப் பாருங்கள். அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் 1989-இல் 180 சதுர மீட்டரில் தீட்டிய ஓவியம். சீட்டு வேண்டாம், வரிசை வேண்டாம். அங்கிருந்து நடைமேடைக்கு ஐந்து நிமிடம். பெட்டி எடுக்கக் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.